நூலகர்களுக்கு இலவச இணையப் பயிற்சி: எதில் சேரலாம், எதைத் தள்ளி வைக்கலாம்?

கேள்வி | 6 ஜூலை 2024

பி.எல்.ஐ.எஸ். (நூலக அறிவியல் பட்டம்) முடித்துவிட்டு ஒரு கலைக் கல்லூரியில் உதவி நூலகராக இருக்கிறேன். ஸ்வயம், வெப்ஜங்ஷன், யூடியூப் என்று எங்கே திரும்பினாலும் நூலகர்களுக்கு இலவசப் பயிற்சி இருக்கிறது. எதில் சேருவது என்று தெரியவில்லை. சேர்ந்ததிலும் பாதியை முடிக்கவில்லை. சான்றிதழ் வராத பயிற்சிக்கு நேரம் செலவிடலாமா? அக்கா, நீங்கள் பல வருடமாக இந்த வேலையில் இருப்பதால் கேட்கிறேன். எங்கள் நூலகத்தில் சுமார் 11 ஆயிரம் புத்தகம், முக்கால்வாசி தமிழ். கணினியில் இருப்பது ஓர் எக்செல் கோப்பு மட்டும்தான்.

6 ஜூலை, இரவு

உங்கள் கேள்விக்கான பதில் உங்கள் கடைசி இரண்டு வரியிலேயே இருக்கிறது தம்பி. 11 ஆயிரம் புத்தகம், ஓர் எக்செல் கோப்பு. அந்தக் கோப்பை ஒரு நூலக மென்பொருளுக்குள் ஏற்ற எந்தப் பயிற்சி உதவுமோ, இப்போதைக்கு அதை மட்டும் எடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கோஹா ஓர் இலவச நூலக மென்பொருள். நியூசிலாந்தில் ஹொரோவெனுவா என்ற வட்டாரத்தின் நூலகங்களுக்காக 1999-இல் எழுத ஆரம்பித்து, 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் தளத்தில் ஒரு வரிசைப் பாடமே இருக்கிறது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்து நிமிடம். எக்செல் கோப்பை மார்க் வடிவத்துக்கு (நூல் விவரங்களை எண்ணிட்ட புலங்களில் எழுதும் கணினி முறை) மாற்றுவது, மாற்றியதை கோஹாவில் ஏற்றுவது, உறுப்பினரைச் சேர்ப்பது, இஷ்யூ, ரிட்டர்ன் என்று எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பாடம். திரையில் ஒரு பக்கம் வீடியோ, இன்னொரு பக்கம் நம் மென்பொருள். அவர்கள் ஒரு பொத்தானை அழுத்தினால் வீடியோவை நிறுத்திவிட்டு நாமும் அழுத்த வேண்டும். பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தொடங்கிய திட்டம் இது. பக்கத்தில் ஆசிரியர் இல்லாத மாணவர், இணைய வேகம் குறைந்த கல்லூரி ஆகியோரை மனத்தில் வைத்தே கட்டியிருக்கிறார்கள். பாடங்களைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம். எங்கள் ஊர் மின்வெட்டுக்கும் நெட்வொர்க்குக்கும் இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

7 ஜூலை

சான்றிதழ் பற்றி நேற்று எழுதாமல் விட்டேன்.

2020 ஊரடங்கு நேரம் நினைவிருக்கிறதா? அப்போது நீங்கள் படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். கூகுள் படிவத்தில் ஒரு வினாடி வினா. நூலகத் துறையின் ஐந்து விதிகளை எழுதியவர் யார், தேசிய நூலகர் தினம் எந்த நாள், ஓபேக் என்பதன் விரிவு என்ன என்று கேள்விகள். பாதி சரியாக இருந்தால் சான்றிதழ் மின்னஞ்சலில் வந்துவிடும். என் வாட்ஸ்அப் குழுக்களில் காலையில் எழுந்ததும் இதுமாதிரி இணைப்புகள்தான் வரிசையாக நிற்கும். அதை நடத்தியவர்களை நான் குறை சொல்லவில்லை. எல்லாரும் வீட்டில் அடைந்து கிடந்தபோது ஏதாவது செய்ய வேண்டும் என்று துடித்தார்கள். ஆனால் அந்தச் சான்றிதழ்களை வைத்து ஒரு புத்தகம்கூட ரேக்கில் சரியான இடத்துக்குப் போகவில்லை. அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை என்பதுதான் என் வருத்தம்.

ஸ்வயம் அப்படிப்பட்டதல்ல. மத்திய அரசின் இணையப் பாடத் தளம், 2017-இல் வந்தது. வீடியோ, படிக்கும் பாடம், சுயமதிப்பீடு, கலந்துரையாடல் என்று நான்கு பகுதி. படிக்கப் பணம் வேண்டாம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் கட்டணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். ‘இலவசம்’ என்று பார்த்துச் சேர்ந்துவிட்டு, தேர்வுக் கட்டண அறிவிப்பு வந்ததும் ஏமாந்த மாதிரி நினைப்பவர்கள் நிறைய. முன்கூட்டியே தெரிந்துகொண்டால் அந்த எண்ணம் வராது.

பதவி உயர்வுக்குக் காத்திருப்பவருக்குச் சான்றிதழ் அவசியம்தான். 2018-இல் ஸ்வயம் வழியாக வந்த அர்ப்பிட் என்ற 40 மணி நேரப் பயிற்சியைப் புத்தொளிப் பயிற்சிக்குச் சமமாக யுஜிசி ஏற்றுக்கொண்டது. அதனால் வெளியூரில் தங்கிப் படிக்க முடியாத எத்தனையோ பெண் நூலகர்கள் வீட்டிலிருந்தே முடித்தார்கள். கைக்குழந்தையோடு இருந்த என் தோழி ஒருத்தி இரவில் உட்கார்ந்து முடித்தாள். அந்தத் தாளுக்கு அவள் வாழ்க்கையில் மதிப்பு இருக்கிறது. நீங்கள் இப்போது அந்தக் கட்டத்தில் இல்லை. அதனால்தான் வேலையை முன்னால் வையுங்கள் என்கிறேன்.

7 ஜூலை, சற்றுப் பிறகு

ஒன்று மட்டும். இஷ்யூ கவுன்டர் கணினியில் பழகாதீர்கள். பழைய மேசைக் கணினி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் உங்கள் மடிக்கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் இன்னொரு கணினி போல இயங்கும் மென்பொருள்) போட்டு, அதற்குள் உபுண்டுவோ டெபியனோ நிறுவி, அதில் கோஹாவை ஏற்றுங்கள். கெடுத்தாலும் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம்.

10 ஜூலை

கீழே ஈரோட்டு நண்பர் கேட்கிறார்: ‘வீடியோவில் இருக்கும் திரையும் என் திரையும் ஒன்றுபோல இல்லையே?’

இருக்காது. கோஹா வருடத்தில் இரண்டு முறை, மே மாதமும் நவம்பரிலும், புதிய பதிப்பு விடுகிறது. பதிப்பு எண்ணிலேயே வருடமும் மாதமும் இருக்கும். 23.11 என்றால் 2023 நவம்பர். பாடம் எடுத்தபோது இருந்த மெனு இப்போது இடம் மாறியிருக்கலாம், பொத்தானின் நிறம் மாறியிருக்கலாம். மார்க் புலங்கள் மாறவில்லை. 245 அன்றைக்கும் தலைப்பு, இன்றைக்கும் தலைப்பு. 100 ஆசிரியர், 082 டூயி எண், 020 ஐ.எஸ்.பி.என். பொத்தானின் இடத்தை மனப்பாடம் செய்யாமல், அந்தப் படியில் எந்தத் தகவல் எங்கே போகிறது என்று கவனித்தால் எந்தப் பதிப்பிலும் வண்டி ஓடும்.

மென்பொருள் பயிற்சிகள் எல்லாவற்றிலும் இந்தச் சிக்கல் உண்டு. கேட்டலாக் பயிற்சிகள் அவ்வளவு சீக்கிரம் பழசாவதில்லை. அமெரிக்க லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தன் பொருள் தலைப்புகளுக்கு வீடியோவும் பயிற்சி வினாக்களுமாக ஒரு முழுப் பாடத்தை யாருக்கும் இலவசமாக வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசுகிறார்கள். ஒரு புத்தகம் எதைப் பற்றியது என்று தீர்மானிக்கும் முதல் சில பாடங்களை மட்டுமாவது பாருங்கள். பி.எல்.ஐ.எஸ். வகுப்பில் நமக்கு ஒரே மூச்சில் ஓடிப்போன பகுதி அது.

இக்னோவின் பி.எல்.ஐ.எஸ். பாட நூல்களும் இ-ஞான்கோஷ் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. முதுகலை அளவுக்கு வேண்டுமென்றால் இ-பிஜி பாடசாலாவில் நூலக அறிவியல் தனிப் பாடமாக இருக்கிறது. இரண்டும் படித்ததைத் திரும்பப் பார்க்க நல்லவை. வேலை பழக அவை மட்டும் போதாது.

14 ஜூலை

தம்பி எக்செலை மாற்றப் போய் தமிழ்த் தலைப்பு முழுக்கக் கேள்விக்குறியாக வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். படமும் போட்டிருக்கிறார். வரிசையாக ‘??????? ????????’. பார்க்கவே பாவமாக இருக்கிறது.

இதை எந்தப் பயிற்சியும் நின்று சொல்லித் தருவதில்லை. அவர்கள் காட்டும் புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலம். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எக்செலில் ‘டேப் பிரித்த உரை’ என்று சேமித்தால் அது யுனிகோடைக் கைவிட்டுவிடும். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குறி ஆகும். ‘யுனிகோடு உரை’ என்றோ ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்றோ சேமிக்க வேண்டும். சேமித்ததும் நோட்பேடில் திறந்து தமிழ் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால்தான் மார்க் பதிவாக மாற்றித் தரும் மார்க்எடிட் மென்பொருளுக்குப் போக வேண்டும். கேள்விக்குறியாக மாறிய கோப்பிலிருந்து தமிழைத் திருப்பி எடுக்கவே முடியாது. மூல எக்செலை ஒரு பென்டிரைவில் தனியாக வைத்துவிடுங்கள்.

அடுத்து, உங்கள் எக்செல் உண்மையிலேயே யுனிகோடுதானா? எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். வானவில், பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் தட்டியிருந்தால், வேறு எழுத்துருவுக்கு மாற்றியதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அப்படியென்றால் முதலில் ஒரு மாற்றியில் போட்டு யுனிகோடாக்க வேண்டும். 2010-க்கு முன்னால் தட்டிய பட்டியல் என்றால் அநேகமாக இதுதான் கதை.

இது இரண்டும் தாண்டி எல்லாம் ஏறிய பிறகு ஒரு நாள் ஓபேக்கில் (வாசகர் தேடும் கணினிப் பட்டியல்) ‘தொல்காப்பியம்’ என்று தேடுவீர்கள். ஒன்றுமே வராது. புத்தகம் உள்ளே இருக்கும், பதிவு எண்ணைத் தட்டினால் வரும், தலைப்பைத் தட்டினால் வராது. காரணம் கோஹாவின் தேடல் இயந்திரமான ஸீப்ரா. நிறுவும்போது அது எடுத்துக்கொள்ளும் வழக்கமான அமைப்பு லத்தீன் எழுத்துகளுக்கு ஏற்றது. அமைப்புக் கோப்பில், எல்லா மொழி எழுத்துகளையும் கையாளும் ஐசியு முறைக்கு மாற்றி, அட்டவணை முழுவதையும் மறுபடி கட்டச் சொல்ல வேண்டும். கோஹாவின் ஆவணங்களிலேயே இது இருக்கிறது. ‘கோஹா தமிழுக்குச் சரிவராது’ என்று சொல்லிவிட்டுக் காசு கொடுத்து வேறு மென்பொருள் வாங்கிய இடங்கள் எனக்குத் தெரியும். ஓர் அமைப்புக் கோப்பின் சில வரிகளுக்காக அந்தச் செலவு.

15 ஜூலை

நேற்று எழுதியதோடு சேர்த்துப் படிக்கவும். ‘தொ’ என்பதில் வரும் கொம்பும் காலும் யுனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம்: ஒரே குறியாகவோ, கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவோ. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஐசியு இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும். ஆனால் காலுக்குப் பதில் ‘ர’ தட்டியிருந்தால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது. பழைய பட்டியல்களில் ‘கரலம்’, ‘வரழ்க்கை’ என்று எத்தனை கிடக்கும் தெரியுமா? கண்ணுக்குத் தெரியாது, தேடலில் மாட்டாது. எக்செலில் இருக்கும்போதே திருத்திவிடுங்கள்.

21 ஜூலை

ஆசிரியர் பெயர் குழப்பத்துக்கு என்ன செய்வது என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். இங்கேதான் நான் மனமாரப் பரிந்துரைக்கும் இன்னொரு இலவசப் பாடம் வருகிறது: லைப்ரரி கார்ப்பென்ட்ரி. நூலகர்களுக்குத் தரவு வேலைகளைச் சொல்லித் தரும் பாடங்கள், திறந்த உரிமத்தில். அதில், கலைந்த பட்டியலைச் சீர்படுத்தும் ஓபன்ரிஃபைன் மென்பொருளுக்கான பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

உதாரணத்துக்கு உ.வே.சா.வை எடுத்துக்கொள்வோம். ஒரே நூலகத்தில் ‘உ. வே. சாமிநாதையர்’, ‘சாமிநாதையர், உ. வே.’, ‘உ.வே.சாமிநாதையர்’, ‘உ.வே. சாமிநாத ஐயர்’, ‘உ.வே.சா.’ என்று அவர் ஐந்து பேராக இருப்பார். ஓபன்ரிஃபைனில் ‘கிளஸ்டர்’ என்று கொடுத்தால் அது நிறுத்தற்குறிகளை நீக்கி, சொற்களைப் பிரித்து, அகர வரிசையில் அடுக்கிப் பார்க்கும். முதல் இரண்டும் அடுக்கிய பின் ஒன்றேதான், அதனால் ஒரே குழுவாகக் காட்டும். மூன்றாவதில் புள்ளிக்குப் பின் இடைவெளி இல்லை. புள்ளியை நீக்கினால் ‘உவேசாமிநாதையர்’ என்று ஒரே சொல்லாகிவிடும், குழுவில் சேராது. ஆகவே முதல் வேலை, எல்லாப் புள்ளிக்குப் பின்னும் ஓர் இடைவெளி விடுவது. அதற்கு ஒரே கட்டளை போதும். கடைசி இரண்டைக் கையால்தான் சேர்க்க வேண்டும். அந்த முடிவை மென்பொருள் எடுக்கவும் கூடாது. அவர் யார் என்று நமக்குத்தான் தெரியும்.

ஒரு மதியம் எங்கள் பட்டியலில் இதைச் செய்தபோது என் உதவியாளர் பெண் திரையைப் பார்த்து, ‘அக்கா, இவ்வளவு நாளா இவரு எத்தனை ரேக்குல ஒளிஞ்சிருந்தாரு!’ என்றாள். ரேக்கில் புத்தகத்தின் இடத்தைச் சொல்லும் ‘கால் நம்பர்’ லேபிளின் இரண்டாவது வரி ஆசிரியர் பெயரிலிருந்து வருவதால் உண்மையிலேயே புத்தகங்கள் மூன்று இடத்தில் பிரிந்து கிடந்தன. அன்று மாலை இருவரும் சேர்ந்து அவற்றை ஒரே தட்டுக்குக் கொண்டுவந்தோம். புது ஸ்பைன் லேபிள் ஒட்டும்போது இருந்த மகிழ்ச்சியை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். தமிழ்த் துறை ஆசிரியர் ஒருவர் மறுநாள் வந்து, ‘இதெல்லாம் புதுசா வாங்கினீங்களா?’ என்று கேட்டார்.

28 ஜூலை

வாசகருக்கான பயிற்சி பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனால் இதைப் பேசாமல் முன்னது எதற்கு?

எங்கள் மாதிரிக் கல்லூரிகளுக்கு இன்ஃபிளிப்நெட்டின் என்-லிஸ்ட் இருக்கிறது. ஆயிரக்கணக்கான மின்னிதழ்கள், லட்சக்கணக்கான மின்னூல்கள். மாணவருக்கும் ஆசிரியருக்கும் தனித்தனிப் பயனர் பெயர் கொடுக்கலாம். பல இடங்களில் அந்தப் பட்டியலைப் பதிவேற்றி, கடவுச்சொல் மின்னஞ்சல் போனதோடு வேலை முடிந்துவிடுகிறது. மாணவர் அந்த மின்னஞ்சலைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார். அவர்களுக்கு இணையப் பயிற்சி இணைப்பை அனுப்பினாலும் அதே கதிதான்.

நேஷனல் டிஜிட்டல் லைப்ரரி 2018 ஜூனில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. காரக்பூர் ஐ.ஐ.டி. உருவாக்கியது. கல்லூரிகளில் அதன் பெயரில் மன்றம் தொடங்கிப் போட்டிகளும் பயிற்சிகளும் நடத்தலாம். ஷோத்கங்காவில் தமிழிலேயே எழுதிய முனைவர் பட்ட ஆய்வேடுகள் இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் கொட்டிக் கிடக்கின்றன. இலங்கை நூல்கள், இதழ்கள் வேண்டுமென்றால் நூலகம் நிறுவனத்தின் தளம். 2005-இலிருந்து தன்னார்வலர்கள் கட்டி எழுப்பியது. எங்கள் எம்.ஏ. மாணவர்களில் பலர் இந்த நான்கில் ஒன்றைக்கூடக் கேள்விப்படாமல் ஆய்வுத் தலைப்பு எடுக்கிறார்கள். அது அவர்கள் குற்றமில்லை.

நான் இப்போது செய்வது இதுதான். தலைப்பு கையெழுத்தாகி வரும் மாணவரைக் கவுன்டரிலேயே உட்கார வைத்து, அவருடைய தலைப்பை அவர் கையாலேயே ஷோத்கங்காவில் தேடச் சொல்வேன். போன வாரம் ஒரு பெண் ‘சங்க இலக்கியத்தில் நெய்தல் நில மக்களின் வாழ்வியல்’ என்று முழுத் தலைப்பையும் தட்டினாள். ஒன்றும் வரவில்லை. ‘நெய்தல்’ மட்டும் போடச் சொன்னேன். வந்தது. அப்புறம் அதையே ரோமன் எழுத்தில் போடச் சொன்னேன். இன்னும் வந்தது, ஏனென்றால் தமிழ் ஆய்வேடுகளின் தலைப்பைச் சில பல்கலைக்கழகங்கள் ரோமன் எழுத்தில் ஏற்றியிருக்கின்றன. அவளே ஒன்றைத் திறந்து, கடைசியில் இருந்த துணைநூற்பட்டியலைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதில் இருந்த நூல்களில் நாலைந்து எங்கள் ரேக்கிலேயே இருந்தன.

ஒரு மணி நேர இணைய வகுப்பில் நூறு பேருக்குச் சொன்னால் இது நடக்காது. ஆனால் இணைய வகுப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைப் பார்த்து நான் கற்றுக்கொள்கிறேன், அவளுக்கு நான் சொல்லித் தருகிறேன். நடுவில் ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

29 ஜூலை

பொது நூலகத்தில் இருக்கும் ஒருவர் எழுதியிருக்கிறார்: ‘எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள். காலையில் வந்து மாலை வரை சொந்தப் புத்தகத்தைப் படிக்கிறார்கள். இவர்களுக்கு என்ன பயிற்சி?’

அவர்களுக்கு முதலில் நாற்காலியும் மின்விசிறியும் கழிப்பறையும் வேண்டும். அதைச் செய்துவிட்டீர்கள் என்றால் அதுவே பெரிது. பயிற்சி என்று பார்த்தால், பாடப் புத்தகங்களின் பிடிஎஃப் அரசின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது என்பதையும், டிஎன்பிஎஸ்சி பாடத்திட்டத்தையும் முந்தைய வினாத்தாளையும் ஆணையத்தின் தளத்திலிருந்து எடுப்பது எப்படி என்பதையும் காட்டலாம். டெலிகிராம் குழுவில் வரும் நகலை நம்பி, பழைய பாடத்திட்டத்தை வைத்துப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வயிறு எரிகிறது.

12 ஆகஸ்ட்

இன்று நூலகர் தினம். காலையில், நூலகத் துறையின் ஐந்து விதிகளை எழுதிய ரங்கநாதன் படத்துக்கு மாலை போட்டோம். இதை எழுதாமல் தூங்க முடியவில்லை.

அவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனபோது கணித ஆசிரியர். நூலகம் பற்றி முறையான பயிற்சி எதுவும் கிடையாது. லண்டன் போய்ப் படித்தார். அங்கே வகுப்பறையில் கேட்டதைவிட, நூலகம் நூலகமாக நடந்து பார்த்ததுதான் அவரை மாற்றியது. திரும்பி வந்ததும் தான் கற்றதை மற்றவர்களுக்குக் கொடுக்கத் துடித்தார். சென்னை நூலகச் சங்கம் 1928-இல் வந்தது. அடுத்த ஆண்டே சங்கம் கோடைப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. 1931-இல் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது. நம் ஊரில் நூலகப் பயிற்சி என்பது முதலில் பட்டமாக வரவில்லை, வேலையில் இருப்பவர்கள் கோடையில் கூடிக் கற்றதாக வந்தது.

இன்னொன்றும் இங்கே சேர்கிறது. 2006-இல் அமெரிக்காவில் ஷார்லட் நகரப் பொது நூலகத்தில் ஹெலீன் புளோவர்ஸ் என்பவர் ‘23 விஷயங்கள்’ என்று ஊழியர்களுக்கு ஒரு பயிற்சி வடிவமைத்தார். வலைப்பதிவு தொடங்கு, படம் ஏற்று, விக்கியில் எழுது என்று 23 சின்ன வேலைகள். ஒவ்வொன்றையும் தானே செய்து பார்த்து, என்ன நடந்தது என்று தன் வலைப்பதிவில் எழுத வேண்டும். முடித்தவர்களுக்கு ஓர் எம்பி3 பிளேயர் பரிசு. பாடத்தைத் திறந்த உரிமத்தில் விட்டார்கள். உலகம் முழுவதும் நூற்றுக்கணக்கான நூலகங்கள் அதை எடுத்துத் தங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டன. அதில் இருந்த தளங்கள் பல இன்று மூடிப்போய்விட்டன. ஆனாலும் அந்த வடிவம் எனக்கு மிகவும் பிடிக்கும். அதில் விரிவுரை என்று ஏதுமில்லை. எல்லாருக்கும் கைவேலை. எல்லாரும் ஒரே சமயத்தில் செய்வதால் பக்கத்து மேசையில் கேட்கலாம்.

தமிழில் நமக்கு இப்படி ஒன்று வேண்டும் என்று பல நாளாக நினைக்கிறேன். பத்து வேலை போதும். எக்செலை யுனிகோடாகச் சேமி. ஒரு நூலுக்கு மார்க் பதிவு போடு. ஷோத்கங்காவில் தேடு. மின்னூலகத்தில் ஒரு பழைய இதழைக் கண்டுபிடி. இப்படி.

13 ஆகஸ்ட்

நேற்றைய பட்டியலில் ஒன்று விட்டுப்போயிற்று: விக்கிமூலம். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றின் மின்படிகள் தமிழ் விக்கிமூலத்தில் இருக்கின்றன, தமிழ் இணையக் கல்விக்கழகம் கொடுத்தவை. இடப்பக்கம் எழுத்து, வலப்பக்கம் ஸ்கேன் செய்த தாள். கணினி தப்பாகப் படித்ததைத் தாளைப் பார்த்துத் திருத்த வேண்டும். திருத்தினால் பக்கம் மஞ்சளாகும். வேறொருவர் சரிபார்த்தால்தான் பச்சையாகும், அதே ஆள் இரண்டையும் செய்ய முடியாது. இதைவிட நல்ல வாசகர் பயிற்சி எனக்குத் தெரியாது. மாணவர் தமிழ் தட்டப் பழகுகிறார், பழைய அச்சைப் படிக்கப் பழகுகிறார், பதிப்பு விவரம் எங்கே இருக்கும் என்று தெரிந்துகொள்கிறார். கடைசியில் உலகத்துக்கு ஒரு பக்கம் மிச்சமாகிறது. வாசகர் வட்டம் இருக்கும் கிளை நூலகங்கள் இதை மாதம் ஒரு நாள் செய்யலாம்.

19 ஆகஸ்ட்

வெப்ஜங்ஷன் பற்றிக் கேள்வியிலேயே இருந்தது, நான் தொடவே இல்லை. 2003-இல் தொடங்கியது, ஓசிஎல்சி என்ற நூலகக் கூட்டமைப்பு நடத்துகிறது. பாடங்கள் எல்லாம் இலவசம், பதிவு செய்தால் போதும். அமெரிக்கச் சிறு நூலகங்களை மனத்தில் வைத்தவை. கோபமாக வரும் வாசகரிடம் பேசுவது, குழந்தைகளுக்குக் கதை நேரம் நடத்துவது, தேவையில்லாத புத்தகங்களைக் கழிப்பது போன்ற பாடங்கள் எங்கும் பொருந்தும். கழிவு பற்றிய பாடத்தை மட்டும் நம் கணக்குத் தணிக்கை விதிகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அங்கே நூலகரே முடிவெடுப்பார். இங்கே குழு, தீர்மானம், ஒப்புதல் என்று போக வேண்டும்.

24 ஆகஸ்ட்

ஒருவர் சற்றுக் கோபமாகவே கேட்டிருக்கிறார்: ‘காலை ஒன்பதரையிலிருந்து மாலை வரை ஒற்றை ஆளாக கவுன்டரில் நிற்கிறேன். கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது மட்டும் நூலகம் கணினிமயமாகிவிட்டதா என்று கேட்கிறார்கள். இதையெல்லாம் எப்போது கற்பது?’

உங்கள் கோபம் சரி. பாடம் இலவசம் என்பதால் கற்கும் நேரமும் இலவசம் என்று நிர்வாகங்கள் நினைத்துக்கொள்கின்றன. தூங்கும் நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கற்றுக்கொள் என்பது நியாயமில்லை. நான் என் முதல்வரிடம் வாரத்தில் இரண்டு மணி நேரம் கேட்டு எழுத்தில் கொடுத்தேன். ‘பயிற்சி’ என்று எழுதவில்லை. ‘நூற்பட்டியல் மாற்றும் பணி’ என்று எழுதி, எத்தனை பதிவுகள் முடிப்போம் என்றும் போட்டேன். ஒப்புதல் வந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில்தான் கற்றதும் நடந்தது, வேலையும் நடந்தது. பக்கத்துக் கல்லூரி நூலகரோடு நேரத்தை ஒத்துப்போட்டு, போனில் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு இருவரும் ஒரே பாடத்தைச் செய்வோம். தனியாக ஆரம்பித்த பாடங்களில் நான் பாதியில் விட்டவை உண்டு. அவரோடு சேர்ந்து ஆரம்பித்தது எதையும் விடவில்லை.

8 செப்டம்பர்

தம்பி எழுதியிருக்கிறார்: தமிழ்ப் பதிவுகள் ஏறிவிட்டன, ‘தொல்காப்பியம்’ தேடினால் வருகிறது! மிகவும் மகிழ்ச்சி. எக்செலில் இல்லாத புத்தகங்களுக்கு, பிற நூலகப் பட்டியலைத் தேடிப் பதிவை எடுக்க உதவும் இஸட்39.50 வழியாக லைப்ரரி ஆஃப் காங்கிரஸிலிருந்து பதிவை இறக்கலாமா, தமிழ்த் தலைப்பைப் போட்டால் ஒன்றும் கிடைக்கவில்லையே என்று கேட்கிறார்.

அங்கே தமிழ் நூல்கள் பெரும்பாலும் ரோமன் எழுத்தில்தான் பதிவாகியிருக்கும். ழ, ற, ன மூன்றுக்கும் எழுத்தின் கீழே கோடு போடுவார்கள், நெடிலுக்கு மேலே கோடு. தேடும்போது கோடுகள் இல்லாமல் தட்டினாலே பெரும்பாலும் அகப்படும். ஐ.எஸ்.பி.என். இருந்தால் அதை முதலில் முயலுங்கள். பதிவு வந்ததும் அப்படியே சேமித்துவிடாதீர்கள். 245-இலும் 100-இலும் தமிழில் தட்டுங்கள். அவர்கள் கொடுத்த ரோமன் வடிவத்தை, அதே விவரத்தை வேறு எழுத்தில் வைக்கும் புலமான 880-க்கு நகர்த்துங்கள், அழிக்க வேண்டாம், அதிலும் தேடுபவர்கள் உண்டு. மொழிக் குறியீடு தமிழுக்கு உரியதாக இருக்கிறதா என்று பாருங்கள். 082-இல் தமிழ் இலக்கியத்துக்கு 894.811-இல் தொடங்கும் எண் இருக்கும். உங்கள் ரேக்கில் ஏற்கெனவே எப்படிச் சுருக்கி வைத்திருக்கிறீர்களோ அதன்படி வெட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் பத்துப் புத்தகத்துக்குச் செய்து பாருங்கள். பதிவுகளைக் கோப்பாக ஏற்றுமதி செய்து எனக்கு அனுப்பினால் 880-இன் இணைப்பு எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். புதன் மதியம் இரண்டு மணிக்கு மேல் நான் மேசையில் இருப்பேன்.